மண் ஈரம், செல்போன் டவர், 5ஜி: வந்த கேள்விகளுக்குப் பதில்

காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு இருக்கிறது. நல்ல மழை பெய்து மூன்று நாள்தான் ஆகிறது, செயற்கைக்கோள் வரைபடமோ எங்கள் பகுதி காய்ந்து கிடப்பதாகக் காட்டுகிறது. பக்கத்து டவர் செய்யும் வேலையா?

டவர் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒன்று பார்க்கணும், அண்ணா. மண் ஈரம் அளக்கும் செயற்கைக்கோள்களான நாசாவின் ஸ்மாப், ஐரோப்பாவின் ஸ்மாஸ் இரண்டிலும் இருக்கும் ரேடியோமீட்டருக்கு (நுண்ணலை அளக்கும் கருவி) ஒரு புள்ளி என்பதே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் அகலம். உங்கள் தோப்பு, கேஆர்பி அணை, பாறைக் குன்று, ஊர், சாலை எல்லாம் கலந்து ஒரே எண்ணாக வரும், அதுவும் மேல்மண்ணில் 5 சென்டிமீட்டர் அளவுக்குத்தான். வெயில் அடித்தால் அந்த மேல்மண் சீக்கிரம் காய்ந்துவிடும், மா வேருக்கு அடியில் ஈரம் அப்படியே இருக்கும். எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான்.

ஆனால் நீங்கள் கேட்டதிலும் விஷயம் இருக்கிறது. இந்தக் கருவி எதையும் அனுப்புவதில்லை, மண் தானாக வெளியிடும் மெல்லிய நுண்ணலையைக் கேட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். காய்ந்த மண் அதிகம் வெளியிடும், நனைந்த மண் குறைவாக. மனிதன் அனுப்பும் அலை இடையில் சேர்ந்தால் கூட்டல் கணக்குதான், ஈர நிலம்கூடக் காய்ந்ததாகத் தெரியும். செல்போன் டவர் வேறு அலைவரிசையில் வேலை செய்கிறது. பெரும்பாலும் மாட்டுவது, இந்தக் கருவி கேட்கும் அலைவரிசைக்குக் கீழே இயங்கும் ரேடார்களின் கசிவு, அப்புறம் அனுமதி இல்லாத, பழுதான டிரான்ஸ்மிட்டர்கள்.

கருவி கேட்கும் அந்த அலைவரிசைக்குப் பாதுகாப்பே இல்லையா? (அரூர்)

இருக்கிறது. அது 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை, அதில் யாரும் எதையும் ஒலிபரப்பக் கூடாது என்று சர்வதேச விதியே உண்டு. ஹைட்ரஜன் அணுவின் 1420 மெகாஹெர்ட்ஸ் அலை அதற்குள் வருவதால் வானியலாளர்களுக்கும் அதுதான் வேண்டும். நம் ஊர் ஏரிப் புறம்போக்கு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: காகிதத்தில் சுத்தமாக இருக்கும், போய்ப் பார்த்தால் நாலு கொட்டகை நிற்கும். 2009 நவம்பரில் ஸ்மாஸ் மேலே போன பிறகுதான் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் எத்தனை கொட்டகை என்று தெரிந்தது. புகார் கொடுத்து ஐரோப்பாவில் பலவற்றை நிறுத்தினார்கள். ஸ்மாஸில் 69 சிறு ஆன்டெனாக்கள் சேர்ந்து ஒரு படத்தை உருவாக்குவதால், பலமான ஒரே ஒரு டிரான்ஸ்மிட்டர் தொலைவில் இருக்கும் இடங்களின் அளவையும் கெடுத்துவிடும்.

குறுக்கீடு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (ஓசூர், கல்லூரி மாணவி)

மண் வெளியிடும் அலையின் பலத்தை வெப்பநிலை மாதிரி கெல்வினில்தான் சொல்வார்கள். குறுக்கீடு பலமானது என்றால் சுலபம், 400 கெல்வின் என்று வந்தால் எந்த மண்ணும் அப்படிக் காட்டாது, தூக்கிப் போட்டுவிடலாம். எனக்குப் பயம் அஞ்சு கெல்வின் கூட்டிவிட்டுச் சத்தமில்லாமல் போவதுதான், பார்க்க இயல்பான எண் மாதிரியே இருக்கும். 2015-இல் போன ஸ்மாப் இதற்காகவே அலைவரிசையை 16 துண்டாக வெட்டிப் பார்க்கிறது. புள்ளியியலில் நீங்கள் படித்த கர்ட்டோசிஸையும் (எண்கள் பரவியிருக்கும் வடிவத்தைச் சொல்லும் அளவு) கணக்கிடுகிறது: இயற்கை இரைச்சலுக்கு அது 3, விலகினால் யாரோ உள்ளே இருக்கிறார்கள். கெட்ட துண்டை மட்டும் நீக்கிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். புராஜெக்டுக்குத் தரவு எடுக்கும்போது எந்த எண்ணை நம்பலாம் என்று சொல்லும் தரக் குறியீட்டையும் சேர்த்து இறக்கும்மா, நிறைய பேர் அதைத் தொடுவதே இல்லை.

5ஜி வந்தால் வானிலை அறிக்கை கெடுமா?

எல்லா 5ஜியும் இல்லை. காற்றில் உள்ள நீராவியை அளக்க 23.8 கிகாஹெர்ட்ஸ் வேண்டும், நீராவியின் குணம் அப்படி, வேறு இடத்துக்கு மாற்ற முடியாது. 24.25 கிகாஹெர்ட்ஸில் தொடங்கும் 5ஜி அலைவரிசை, இந்தியாவில் 2022 ஏலத்தில் விட்டது, அதற்கு அடுத்த வீடு. கசிவுக்கு 2019-இல் எகிப்தில் நடந்த உலக மாநாட்டில் வரம்பு வைத்தார்கள், 2027 செப்டம்பரில் அது இன்னும் இறுகும். வானிலைக்காரர்கள் கேட்ட அளவு கடுமை கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு? (பாலக்கோடு)

அது 2.45 கிகாஹெர்ட்ஸ். மண் ஈரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.