இயற்கைப் புவியியல் என்றால் என்ன? அது நம் அன்றாட வாழ்க்கையை எப்படி மாற்றுகிறது?

நிலம், நீர், காற்று, மண் எல்லாம் எப்படி இயங்குகின்றன, ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று பார்ப்பதுதான் இயற்கைப் புவியியல். மலை, ஆறுகளின் பெயரை மனப்பாடம் செய்வது அதில் சின்னப் பகுதிதான் (பள்ளியில் அதை மட்டும்தான் கேட்டார்கள், என்ன செய்ய).

சென்னையின் கடல்காற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தால், சில நிமிடங்களில் தண்ணீர் தெளித்ததும் 'சுர்'ரென்கிறது. பக்கத்து அடுப்பில் அண்டா நிறையத் தண்ணீர் அதற்குள் வெதுவெதுப்பாகக்கூட ஆகியிருக்காது. நிலம் தோசைக்கல், வங்கக்கடல் அண்டா. சூடான தரைக்கு மேலுள்ள காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. கடலோரத்தில் இருக்கும் பட்டினப்பாக்கத்தில் மொட்டைமாடித் துணி படபடக்கத் தொடங்கிய பிறகுதான், கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் அம்பத்தூரில் இலை அசையும். மே மாதத்தில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று பலமாக இருந்தால் கடல்காற்று தாமதமாகும். அப்படிப்பட்ட நாட்களில்தான் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். மாலையில் மெரினா நிரம்புவதும், வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் கிழக்கே ஜன்னல் இருக்கிறதா என்று கேட்பதும் இந்தக் கடல்காற்றுக்காகத்தான்.

கடல் ஜில்லென்று இருப்பதால்தான் இந்தக் காற்று என்று பலர் நினைக்கிறார்கள். கோடையில் வங்கக்கடலின் மேற்பரப்பே 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், தரை அதைவிடச் சூடு, அவ்வளவுதான்.