மாதுளை ஜூஸ் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லையே!

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஹீமோகுளோபின் 10.2 இருந்தது. நான்கு மாதமாகத் தினமும் மாதுளை ஜூஸ், பீட்ரூட் பொரியல், பேரீச்சம்பழ சிரப் கொடுத்தும் 10.4-ஐத் தாண்டவில்லை. காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான் சாப்பிடுகிறாள். கீரையைத் தொடுவதே இல்லை. பள்ளியில் தரும் நீல நிற மாத்திரையைக் குமட்டுகிறது என்று தூக்கிப் போட்டுவிடுகிறாள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தேனி

பதில்: சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்ற நம்பிக்கைதான் நான்கு மாதத்தை விழுங்கிவிட்டது. 100 கிராம் மாதுளையிலோ பீட்ரூட்டிலோ இருக்கும் இரும்புச்சத்து 1 மில்லிகிராம்கூட வராது. சிரப்பில் பெரும்பகுதி சர்க்கரை. உங்கள் மகள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 30 மி.கி. தேவை என்கிறது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 பரிந்துரை. அதே வயதுப் பையனுக்கு 22 போதும்.

முதலில் மாத்திரை. இந்த வயதில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை; 8 முதல் 10.9 வரை நடுத்தர அளவு. இந்த நிலையைச் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்ய முடியாது. பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரை (60 மி.கி. இரும்பு, ஃபோலிக் அமிலம்) ரத்தசோகை வராமல் தடுக்கத்தான். வந்த பிறகு, அரசு வழிகாட்டுதல்படி தினம் இரண்டு வீதம் மூன்று மாதம் சாப்பிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, மருத்துவர் சொல்லும் அளவில் தொடங்குங்கள்.

குமட்டலுக்குப் பெரும்பாலும் வெறும் வயிறுதான் காரணம். டீ, பிஸ்கட்டோடு போன பிள்ளைக்கு மாத்திரை போட்டால் புரட்டத்தான் செய்யும். சாப்பாட்டுக்குப் பிறகு, எலுமிச்சைத் தண்ணீரோடு கொடுங்கள், பாலோடு வேண்டாம். கால்சியம் மாத்திரையோ அசிடிட்டி மருந்தோ எடுத்தால், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுத்துப் போகும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் அதிகம், அதனால் முன்பே சொல்லிவையுங்கள்.

அடுத்தது அந்த டீ. தானியம், பருப்பு, கீரையிலிருந்து கிடைக்கும் இரும்பை, டீயிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் உடலில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். டீயை விடச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், இந்த வயதில் அது எடுபடாது. மாலை நாலரைக்கு நகர்த்தினால் போதும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கூடாது.

காலையில் உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை என்றால், கையில் பிடித்துக்கொண்டு தின்னும்படி கொடுங்கள். அரிசியில் பாதிக்குப் பதில் கம்பு போட்டு, உளுந்தோடு ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்த மாவில் தோசை வார்த்துச் சுருட்டிக் கொடுக்கலாம். 100 கிராம் கம்பில் 6 மி.கி.க்கு மேல் இரும்பு உண்டு; அந்த இரும்பு உடலில் சேருவதைத் தடுக்கும் பைட்டேட் என்ற பொருளும் மாவு புளிக்கும்போது குறையும். உள்ளே எள்ளுப்பொடி தடவுங்கள். கூடவே அரை கொய்யா. கொய்யாவின் வைட்டமின் சி, அந்த இரும்பை உடல் ஏற்க உதவும்.

கீரையைப் பொரியலாக வைத்தால் ஒதுக்குவாள். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை அடை மாவில் போட்டால் பேச்சில்லாமல் இறங்கும். மதிய டப்பாவில் வெறும் தயிர்சாதம் மட்டும் வேண்டாம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சேருங்கள். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகே பிழியவும், சூட்டில் வைட்டமின் சி போய்விடும். அசைவம் சாப்பிடுகிற வீடென்றால் வாரம் ஒரு நாள் 50 கிராம் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். அந்த இரும்பு, கீரையினுடையதைவிடச் சுலபமாக உடலில் சேரும்.

மகளிடம் தனியாக மூன்று விஷயம் கேளுங்கள். பச்சரிசி, சாக்பீஸ் மெல்லத் தோன்றுகிறதா? (இரும்புக் குறைவில் இந்த ஆசை வரும். திட்டினால் மறைத்துவிடுவாள்.) மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீள்கிறதா, ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நாப்கின் நனைகிறதா? பள்ளியில் ஆண்டுக்கு இருமுறை தரும் குடற்புழு மாத்திரையை மென்று சாப்பிட்டாளா, அதையும் எறிந்தாளா?

ஒரு மாதம் கழித்துப் பரிசோதியுங்கள். ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம் ஏறியிருக்க வேண்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு), பி12 குறைபாடு, உள்ளே ரத்தக் கசிவு என்று வேறு காரணம் தேட வேண்டும். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 12 வந்துவிட்டது என்று உடனே நிறுத்திவிடவும் வேண்டாம். உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப மேலும் இரண்டு, மூன்று மாதம் ஆகும்; எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார்.