மலைநாட்டுக் குளிரில் லெப்டொப் பெட்டரி: கேட்டதும் சொன்னதும்

ஹட்டன் பக்கம் லெப்டொப் திறந்து மூடுவதுதான் என் பிழைப்பு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பெட்டரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்க இருப்பதை எல்லாம் எழுதி அனுப்புங்கள், ஒரேயடியாகப் பதில் சொல்கிறேன் என்று சொன்னேன். வந்தவற்றில் சில.

தலவாக்கலை, ஆசிரியை: லெப்டொப் எந்நேரமும் சார்ஜரில்தான் இருக்கும். கழற்றிக் கழற்றிப் பாவிக்காவிட்டால் பெட்டரி செத்துப்போகும் என்று எங்கள் பாடசாலை சார் ஒருவர் சொல்கிறார். வாங்கி மூன்று வருஷம். முன்பு நாலு மணித்தியாலம் நின்றது, இப்போது இரண்டே கால்தான்.

சார்ஜரில் கிடப்பது குற்றமில்லை டீச்சர். நிரம்பியதும் உள்ளே இருக்கிற சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும், வழிந்து ஊற்றாது. நிரம்பியபடியே மாசக்கணக்கில் நிற்பதுதான் கெடுதல்.

லித்தியம் அயன் செல் ஒன்று முழுதாக நிரம்பும்போது 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கிற திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து தகடுகளின் மேல் படலமாகப் படியும். படலம் தடிக்கத் தடிக்கக் கொள்ளளவு குறையும். சூடும் சேர்ந்தால் அது இன்னும் வேகம். வழக்கமாகச் சொல்கிற ஒரு கணக்கு இருக்கிறது. 25 பாகை செல்சியஸில் 40 வீதம் சார்ஜோடு ஒரு வருஷம் சும்மா வைத்த பெட்டரியில் 96 வீதக் கொள்ளளவு மிஞ்சும். அதே சூட்டில் 100 வீதம் நிரப்பி வைத்தால் மிஞ்சுவது 80. நிரப்பியதை 40 பாகையில் வைத்தால் 65. ஒருநாளும் பாவிக்காமலேயே இவ்வளவு போகிறது.

அதனால் சார்ஜரைக் கழற்ற வேண்டாம், உச்சியைக் குறையுங்கள். லெனோவோவில் வான்டேஜ் என்ற செயலிக்குள் கன்சர்வேஷன் மோட் இருக்கும். ஏசூஸில் மை ஏசூஸுக்குள் 80, 60 என்று வரம்பு வைக்கலாம். டெல், எச்பி வகைகளில் பலவற்றில் பயோஸுக்குள்ளேயே, அதாவது விண்டோஸ் எழும்பும் முன் திறக்கிற செட்டிங் பக்கத்திலேயே, இருக்கிறது. 80இல் நிறுத்திவிட்டுச் சார்ஜரிலேயே போட்டு வையுங்கள். அந்த சாருக்கும் சொல்லுங்கள், கோபிக்காத மாதிரி.

அப்புறம் ஒரு வேலை. விண்டோஸில் கட்டளை அடிக்கிற கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி ஆங்கிலத்தில் அடியுங்கள். ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, அதன் பின் பெட்டரி ரிப்போர்ட் என்பதை ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு அறிக்கை உண்டாகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது ஏறுகிற அளவு), சைக்கிள் கவுன்ட் (முழுப் பெட்டரி அளவை எத்தனை தடவை பாவித்தீர்கள் என்ற கணக்கு) மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன்.

மஸ்கெலியா, உயர்தர மாணவன்: அண்ணே, 80இல் நிறுத்தச் சொல்கிறீர்கள். எங்கள் தோட்டத்தில் கொஞ்சம் பலமாக மழை பெய்தாலே கரண்ட் போய்விடும். 100 இருந்தால்தானே இரவு படிக்கலாம்?

நியாயமான கேள்வி தம்பி. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அந்த நாட்களில் 80இல் நிறுத்து என்று யாராவது வந்து சொல்லியிருந்தால் நானே விரட்டியிருப்பேன். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடே இருட்டானது. குரங்கு முன்கூட்டி அறிவித்தல் தராது.

பெட்டரி நமக்காகத்தான், நாம் பெட்டரிக்காக இல்லை. மின்வெட்டு அறிவித்தால், அல்லது வானம் கறுத்தால், வரம்பை எடுத்துவிட்டு முழுதாக ஏற்று. நிரப்பி அன்றைக்கே பாவித்துவிட்டால் ஒரு சேதமும் பெரிதாக இல்லை. வெயில் காலத்தில், பாடசாலை விடுமுறையில், மறுபடியும் 80.

கரண்ட் போனதும் முதலில் திரை வெளிச்சத்தைக் குறை. கணக்கு லேசானது. பெட்டரியின் கொள்ளளவு 45 வோட் மணி என்று வை. லெப்டொப் 15 வோட் தின்றால் மூன்று மணித்தியாலம், 9 வோட் தின்றால் ஐந்து. வெளிச்சத்தைப் பாதியாக்கி, பெட்டரி சேவரைப் போட்டு, பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து வைஃபையையும் நிறுத்தினால் அந்த வித்தியாசத்தில் பெரும் பகுதி கையில் வரும்.

நுவரெலியா, மரக்கறித் தோட்டக்காரர்: எங்கள் ஊர்க் குளிர் பெட்டரிக்குக் கூடாது என்கிறார்களே?

வேலை செய்யும்போது கொஞ்சம் சோம்பல் வரும். ஜனவரி விடியற்காலையில் எடுத்தால் வழக்கத்தை விடச் சீக்கிரம் இறங்கும், அறை சூடானதும் திரும்பி வரும். ஆயுளுக்கு என்று பார்த்தால் நம் குளிர் ஒரு வரம். கொழும்பில் 30 பாகைக்கு மேல் வேகிற லெப்டொப்பை விட 16 பாகையில் இருக்கிற உங்களுடையது மெதுவாகத்தான் கிழடாகும்.

சுழியம் பாகைக்குக் கீழே குளிர்ந்த பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்றினால் லித்தியம் உள்ளே போகாமல் தகட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும், அது திரும்பாத சேதம். வீட்டுக்குள் அவ்வளவு குளிர் வராது. ஆனால் தேயிலைக் கொழுந்தைக் கருக்குகிற உறைபனி இரவில் லொறிக்குள்ளே விட்டு வைத்திருந்தீர்கள் என்றால், காலையில் உள்ளே கொண்டு வந்து ஒரு மணித்தியாலம் பையிலேயே இருக்க விடுங்கள். குளிர்ந்த சாமானை நேரே அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டு போனால் மூக்குக் கண்ணாடி மாதிரி உள்ளேயும் வேர்க்கும். அந்த ஈரம் பெட்டரியை விட உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டுக்குத்தான் எமன். மலைநாட்டில் நான் திறந்து பார்க்கிற லெப்டொப்களில் சூட்டால் போனதும் இருக்கிறது, ஈரத்தால் பச்சை பிடித்ததும் இருக்கிறது.

பொகவந்தலாவை, பல்கலைக்கழக மாணவி: குளிருக்குக் கம்பளிக்குள் லெப்டொப்பை வைத்துக்கொண்டு படம் பார்ப்பேன். அதுவும் தப்பா?

தங்கச்சி, ஊர் முழுக்கக் குளிர் இருக்க, அதை மட்டும் தேடிப் பிடித்துச் சூடாக்குகிறீர்கள்! காற்று உறிஞ்சுகிற துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கம். மெத்தையும் கம்பளியும் அதை அடைத்துவிடும். ஒரு பலகையோ பெரிய புத்தகமோ கீழே வையுங்கள். கம்பளி உங்களுக்கு.

பதுளை: முழுதாக இறக்கிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டுமா?

வேண்டாம். அது பழைய நிக்கல் கெட்மியம் பெட்டரிக்குச் சொன்ன பாடம். சோனி 1991இல் லித்தியம் அயனைக் கடைக்குக் கொண்டு வந்ததிலிருந்து அந்தப் பாடம் காலாவதி. 30இல் போடலாம், 50இல் போடலாம். 40 வீதம் இரண்டரைத் தடவை பாவித்தாலும் ஒரு சைக்கிள்தான். இரண்டு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை இறக்கி ஏற்றினால் வீதம் காட்டுகிற மீட்டர் சரியாகும். பெட்டரி குணமாகாது.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற அதிபர்: 2020இல் ஒன்லைன் வகுப்புக்காகப் பேரப்பிள்ளைக்கு வாங்கிய லெப்டொப் அலுமாரியில் இரண்டு வருஷம் கிடந்தது. இப்போது சார்ஜர் குத்தினால் ஓடுகிறது, கழற்றினால் அணைகிறது. பெட்டரியை எழுப்ப வழி உண்டா?

பெரும்பாலும் இல்லை ஐயா. அணைத்து வைத்தாலும் பெட்டரி சொட்டுச் சொட்டாக இறங்கும். சுழியத்தில் வைத்தால் அதற்கும் கீழே போய், உள்ளே செம்பு கரையத் தொடங்கும். அந்த நிலையில் சார்ஜ் ஏற்றுவது ஆபத்து என்பதால் பாதுகாப்பு சர்க்யூட் கதவைப் பூட்டிவிடுகிறது. அதை உடைத்துத் திறந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். நானும் என் ஆரம்ப காலத்தில் ஒன்றை அப்படி எழுப்பினேன். ஒரு கிழமையில் அது வீங்கி டச்பேடைத் தூக்கிவிட்டது. அந்த வாடிக்கையாளரிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

புதியது போடும்போது பழைய பெட்டரியின் மேலே எழுதியிருக்கிற மொடல் இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். லெப்டொப்பின் பெயர் மட்டும் போதாது. வோல்ட்டும் பொருந்த வேண்டும். 10.8, 11.1 என்பவை இரண்டும் மூன்று செல் வகை, ஒன்றுக்கு ஒன்று மாறலாம். 14.8 என்றால் நாலு செல், அது வேறு சாதி. பம்பலப்பிட்டியில் வாங்கினாலும் கண்டியில் வாங்கினாலும் உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். போட்டதும் டீச்சருக்குச் சொன்ன பெட்டரி அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பெட்டியில் 50 வோட் மணி என்று அச்சடித்து, முழுச் சார்ஜில் 32 ஏறினால் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கலாம். இனி அலுமாரியில் வைப்பதாக இருந்தால் 50 வீதத்தில் அணைத்து வைத்து, மூன்று மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

கண்டி: டைப் சி போன் சார்ஜரால் லெப்டொப்புக்கு ஏற்றலாமா?

லெப்டொப்பில் அந்தத் துளை சார்ஜுக்கும் இருந்தால் ஏற்றலாம். இரண்டும் தங்களுக்குள் பேசி வோல்ட்டை முடிவு செய்துகொள்ளும். 65 வோட் கேட்கிறதற்கு 25 வோட் கொடுத்தால் ஆமை வேகம், சிலது ஏற்கவே ஏற்காது. பெட்டரிக்குச் சேதமில்லை. பெயர் தெரியாத மலிவு அடெப்டர்தான் வேண்டாம்.

கொட்டகலை: இடி முழக்கத்தில் சார்ஜரைக் கழற்றுவது பெட்டரிக்காகவா?

உங்களுக்காகவும் போர்டுக்காகவும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி நமக்குத் தெரியும்தானே. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, ப்ளக்கைச் சுவரிலிருந்து இழுங்கள். ரவுட்டருக்கு வருகிற லைனையும் சேர்த்து. இடி தலைக்கு மேலே வந்த பிறகு கழற்றப் போக வேண்டாம், வானம் கறுக்கும்போதே.

இறாகலை: டச்பேட் ஒரு பக்கம் மேலே எழும்பியிருக்கிறது. அழுத்தினால் இறங்குகிறது. பாவிக்கலாமா?

கூடாது. அழுத்தவும் வேண்டாம்! பெட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜரை இப்போதே கழற்றி, அணைத்து, கட்டிலிலும் திரைச்சீலைப் பக்கத்திலும் வைக்காமல் சீமெந்துத் தரையில் வையுங்கள். காற்றை வெளியேற்றலாம் என்று ஊசி குத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள், குத்தினால் தீப்பிடிக்கும். வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கழற்றுங்கள். கழற்றியதைக் குப்பையோடு போட வேண்டாம், இஸ்தோப்பிலே பிள்ளைகள் விளையாடவும் விட வேண்டாம். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம்தான் அது போக வேண்டும்.

தலவாக்கலை ஆசிரியை மறுபடியும்: எடுத்துவிட்டேன். டிசைன் 45,000, ஃபுல் சார்ஜ் 31,500, சைக்கிள் 388. புதிய பெட்டரிக்குக் காசு சேர்க்கவா?

31,500ஐ 45,000ஆல் பிரித்தால் 70 வீதம். மூன்று வருஷத்துக்கும் 388 சைக்கிளுக்கும் இது மோசமில்லை.

ஆனால் ஒன்று இடிக்கிறது. நாலு மணித்தியாலத்தில் 70 வீதம் என்றால் இரண்டே முக்காலுக்கு மேல் நிற்க வேண்டும். உங்களுக்கு இரண்டே கால்தான் நிற்கிறது. மிச்ச அரை மணித்தியாலத்தைத் தின்பது பெட்டரி இல்லை, வேறு யாரோ. எந்தச் செயலி எவ்வளவு தின்கிறது என்று காட்டுகிற டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது மேலே நிற்கிறது என்று பாருங்கள். பிரவுசரில் திறந்து மறந்த பக்கங்கள் இருக்கலாம், லெப்டொப்போடு தானாக எழும்புகிற ஏதாவது செயலி இருக்கலாம். மின்விசிறித் துளையில் தூசி அடைத்திருந்தாலும் விசிறி ஓயாமல் சுற்றும். விறகடுப்புப் புகை படிகிற வீடு என்றால் அது பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஹட்டன் பக்கம் வந்தால் கொண்டு வாருங்கள், துடைத்துத் தருகிறேன்.

பெட்டரிக்கு இப்போது காசு வேண்டாம். கரண்ட் போகும்போது ஒன்லைன் வகுப்பு நடத்த வேண்டும் என்றால் முதலில் ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்குங்கள். லெப்டொப் ஓடியும் ரவுட்டர் செத்தால் பிள்ளைகளுக்கு உங்கள் குரல் போகாதே.