எரிச்சலுக்குச் சட்டம் போட முடியுமா? கேள்வி பதில்

அன்றாடம் நம்மைப் படுத்தும் தொல்லைகளில் எதைச் சட்டவிரோதமாக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் அதிகம் நடத்திய வழக்குகள் அண்டை வீட்டுத் தகராறும் சத்தத் தொல்லையும் பற்றியவைதான். அதனால் அந்தக் கேள்விகளுக்கு நீளமாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் வரும். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோபத்தில் பதிலடி கொடுத்துவிட்டு, அப்புறம் வந்து சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்காதீர்கள்.

கீழ்வீட்டுவாசி: மேல்வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு நாற்காலி இழுக்கிறார்கள், குதிகாலை ஊன்றி நடக்கிறார்கள். இதைக் குற்றமாக்கினால் என்ன?

கிட்டத்தட்ட உங்கள் கேள்வியே ஒரு வழக்காக வந்திருக்கிறது. லண்டனில் உள்ளாட்சிக்குச் சொந்தமான பழைய அடுக்குமாடி வீடுகள். பக்கத்து வீட்டு டிவி, பேச்சு, கழிப்பறையில் தண்ணீர் விடுவது எல்லாமே கேட்கும். குடியிருந்தவர்கள் உள்ளாட்சி மீது வழக்குப் போட்டார்கள். 1999-இல் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவை அதைத் தள்ளுபடி செய்தது. அன்றைக்கு பிரிட்டனில் உச்ச நீதிமன்றத்தின் இடத்தில் இருந்தது அந்த அவைதான். அக்கம்பக்கத்தார் நடந்தார்கள், பேசினார்கள், சமைத்தார்கள். வீட்டில் வாழ்கிற எவரும் செய்வதைத்தான் செய்தார்கள். அது தொல்லை ஆகாது, குறை கட்டடத்தில் இருக்கிறது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. நாற்காலி இழுக்கும் சத்தம் காற்று வழியாக வருவதில்லை. நாற்காலிக் கால் தரையில் உரசும் அதிர்வு கான்கிரீட்டுக்குள் இறங்கி, உங்கள் கூரை முழுவதும் பரவி, அங்கிருந்து சத்தமாகக் கிளம்புகிறது. அதனால்தான் கீழிருந்து கூரையில் எதை ஒட்டினாலும் பெரிதாகப் பலன் தெரிவதில்லை. அதிர்வு பிறக்கும் இடத்திலேயே தடுக்க வேண்டும். பல நாடுகளின் கட்டட விதிகள் புதுக் கட்டடங்களில் இரண்டு வீடுகளுக்கு நடுவே இத்தனை ஒலித்தடுப்பு வேண்டும் என்கின்றன. உங்கள் ஊரில் அப்படி விதி இருக்கிறதா, கட்டியவர் அதன்படி கட்டினாரா என்று விசாரியுங்கள். அதற்குள் நாற்காலிக் கால்களில் ஒட்டும் ஃபெல்ட் துண்டுகளை நீங்களே வாங்கிப் போய் மேல்வீட்டில் கொடுங்கள். கீழே எப்படிக் கேட்கிறது என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்தே இருக்காது.

கீழ்வீட்டுவாசி: நான் குச்சியால் கூரையைத் தட்டுவேன். அது தப்பா?

தட்டாதீர்கள். 1893-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கு. ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள். ஒன்றில் இசை சொல்லிக் கொடுக்கும் குடும்பம், வாரத்தில் பல மணி நேரம் பியானோவும் பாட்டும். மறுபக்கம் மரச்செதுக்கு வேலை செய்பவர். பொறுத்துப் பார்த்தவர் ஒரு நாள் கோபமாகக் கடிதம் எழுதினார். அப்புறம் பாடம் நடக்கும்போதெல்லாம் சுவரைத் தட்டுவது, தட்டுகளை அடிப்பது, விசிலடிப்பது, கூச்சல் போடுவது என்று இறங்கிவிட்டார். நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது இசைக் குடும்பத்தின் மீது இல்லை, அவர் மீது. அவர் சத்தம் வேண்டுமென்றே, வதைப்பதற்காகவே செய்யப்பட்டது என்பதுதான் காரணம்.

முதலில் எரிச்சல் பட்டவர் அவர்தான், கடைசியில் தடையுத்தரவுக்கு ஆளானவரும் அவர்தான். என்னிடம் வந்த வழக்குகளிலும் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். குச்சியைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன சத்தம். அவ்வளவு போதும்.

நின்றபடி பயணி: ரயிலிலும் பஸ்ஸிலும் ஸ்பீக்கரில் வீடியோ பார்க்கிறவர்களை உள்ளே தள்ள வேண்டும்.

உள்ளே தள்ள வேண்டாம், அபராதம் போதும். பல இடங்களில் விதி இருக்கிறது. பிரிட்டனின் ரயில்வே துணைவிதிகள், மற்றவருக்கு எரிச்சல் தரும்படி பாடுவதையும் கருவிகளில் ஒலியெழுப்புவதையும் எப்போதோ தடை செய்துவிட்டன. விதி இருந்தும் அதைச் சொல்லி நிறுத்த ஒரு ஊழியர் பெட்டியில் இல்லை, அதுதான் குறை. நீங்கள் கேட்க வேண்டியது புதுச் சட்டம் இல்லை, ஆள்.

சிக்னலில் நிற்பவர்: காரணமே இல்லாமல் ஹாரன் அடிப்பது?

1968-இன் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையே இதைச் சொல்லிவிட்டது. விபத்தைத் தவிர்க்க எச்சரிக்கவும், ஊருக்கு வெளியே முந்தும்போது தெரிவிக்கவும் மட்டும்தான் ஹாரன். எனக்குப் பிடித்த முயற்சி மும்பை போக்குவரத்துப் போலீஸ் செய்தது. சிவப்பு விளக்கில் ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் காத்திருக்கும் நேரம் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி சில சிக்னல்களில் வைத்துப் பார்த்தார்கள். 2020 தொடக்கத்தில் அது ஊரெல்லாம் பேசப்பட்டது. யாரையும் துரத்திப் பிடிக்க வேண்டாம், சாட்சி வேண்டாம், அளவு கருவியில் பதிவாகிறது. சட்டம் வேலை செய்ய வேண்டுமென்றால் அளக்கிற வழி இருக்க வேண்டும். இதை இன்றைக்கு இன்னும் பல முறை சொல்வேன்.

ரிமோட் கையில்: படம் மெதுவாக ஓடும், விளம்பரம் வந்ததும் அலறும்.

அமெரிக்காவில் இதற்கென்றே 2010-இல் சட்டம் வந்தது, 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. விளம்பரத்தின் சராசரி ஒலி நிகழ்ச்சியின் ஒலிக்கு ஈடாக இருக்க வேண்டும். சராசரி என்பதால் நடுவில் சில நொடி அலறிவிட்டு மீதியைத் தணித்தால் தப்பிவிடலாம். இணைய வழி ஒளிபரப்பு அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. அதற்கு கலிஃபோர்னியா 2025-இல் தனிச் சட்டம் இயற்றியது. உங்கள் கோபம் நியாயமானது, அளக்கக் கூடியது, ஆகவே சட்டமும் சாத்தியமானது.

தூக்கம் கெட்டவர்: பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது.

நோட்டு, தேதி, நேரம். மேலே சொன்னதைப் படியுங்கள். நாயின் மீது எதையும் எறியாதீர்கள்.

இருபத்து நாலு மணி நேர ஊழியர்: வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் மேலாளர் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். சில நாடுகளில் இது குற்றம் என்கிறார்களே?

ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி. 2017-இல் பிரான்சில் நடைமுறைக்கு வந்த சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் இதைப் பற்றித் தொழிலாளர் தரப்புடன் பேசி விதி வகுக்க வேண்டும் என்கிறது. அனுப்புவதையே அது தடுக்கவில்லை. 2021-இல் போர்ச்சுகல் ஒரு படி மேலே போய், அவசரம் தவிர மற்ற நேரத்தில் ஓய்வில் இருக்கும் ஊழியரைத் தொடர்பு கொள்ளாமல் இருப்பதை முதலாளியின் கடமை ஆக்கியது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது ஊழியருக்கான உரிமை: மேலாளர் அனுப்பலாம், நீங்கள் பார்க்காமலும் பதில் சொல்லாமலும் இருக்கலாம், மறுப்பு நியாயமற்றதாக இருந்தால் தவிர.

எனக்கு மூன்றாவது வகை பிடிக்கிறது. அனுப்பியவரைத் தண்டிக்கப் போனால் எது அவசரம், எது இல்லை என்று ஒவ்வொரு செய்திக்கும் சண்டை போட வேண்டும். பதில் சொல்லாதவரைப் பாதுகாத்தால் சண்டை பெருமளவு குறைகிறது.

ஒரே சட்டம் போதும்: இப்படித் தனித்தனியாக எதற்கு? மற்றவரை எரிச்சலூட்டுவது குற்றம் என்று ஒரே வரியில் போட்டுவிடலாமே.

போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு விதி இருந்தது: மூன்று பேரோ அதற்கு மேலோ நடைபாதையில் கூடி, போகிறவர்களுக்கு எரிச்சல் தரும்படி நடந்துகொண்டால் குற்றம். 1971-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஒருவருக்கு எரிச்சல் தருவது இன்னொருவருக்குத் தராது, அப்படியானால் எதைச் செய்யக் கூடாது என்று யாருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு எரிச்சலோ சங்கடமோ தரும் சில வகை இணையச் செய்திகளுக்குச் சிறை என்றது. முகநூலில் எழுதியதற்கெல்லாம் கைது நடந்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. பிரிட்டனிலும் பொது இடத்தில் தொல்லையும் எரிச்சலும் தருகிறவர் மீது தடையுத்தரவு வாங்கலாம் என்று ஒரு மசோதா வந்தது. 2014 ஜனவரியில் பிரபுக்கள் அவை அதை எதிர்த்து வாக்களித்தது, அரசு பின்வாங்கியது.

இப்படிப்பட்ட சட்டம் யார் மீது விழும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்பீக்கரில் பாட்டுப் போடும் முரடர் மீது விழாது. தெருவோரம் உட்கார்ந்திருக்கும் ஏழை, கூடி நிற்கும் இளைஞர்கள், அதிகாரியை விமர்சிக்கிறவர், இவர்கள் மீதுதான் விழும். பிடிக்காதவரைப் பிடிக்க ஒரு சாக்கு கிடைத்துவிடும். எவ்வளவு எரிச்சல் வந்தாலும் இந்த ஒரு வரிச் சட்டத்தைக் கேட்காதீர்கள்.

ஜன்னல் இருக்கை: சரி, அப்படியானால் குறிப்பாகவே கேட்கிறேன். விமானத்தில் கைக்குழந்தைகளைத் தடை செய்ய வேண்டும். டெசிபல் அளக்கலாம், நீங்கள் சொன்ன சோதனையில் தேறுகிறது.

கைக்குழந்தையின் அம்மா: என் குழந்தைக்குக் காது வலிக்கிறது, அழுகிறாள். நான் பறக்கவே கூடாதா?

ஜன்னல் இருக்கை: தடுக்க முடியாத சத்தம் என்றால் அது மற்றவர்கள் சுமக்க வேண்டியதா?

இந்த விவாதத்தை அப்படியே விடுகிறேன், ஏனென்றால் இன்று வந்ததிலேயே இதுதான் முக்கியமான கேள்வி. சார், அளக்க முடிவது மட்டும் போதாது. யாரை நிறுத்தச் சொல்கிறோமோ அவரால் நிறுத்த முடிய வேண்டும். விமானம் இறங்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் ஏறும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகும். நாம் கொட்டாவி விட்டோ எச்சில் விழுங்கியோ திறந்துகொள்கிறோம். குழந்தைக்கு அந்தக் குழாய் குறுகலானது, வேண்டுமென்று விழுங்கவும் தெரியாது. அது வலியில் அழுகிறது. (அம்மா, இறங்கத் தொடங்கும்போது பால் கொடுங்கள், விழுங்க விழுங்கச் சமமாகும்.)

இந்த விஷயத்தில் சட்டம் எதிர்த்திசையில் போயிருக்கிறது. ஜெர்மனியில் குழந்தைகள் காப்பகங்களின் சத்தத்துக்கு எதிராக அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2011-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது: காப்பகங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் குழந்தைகள் எழுப்பும் சத்தம் பொதுவாகத் தீங்கான இரைச்சலாகக் கருதப்படாது, ஆலைக்கும் இயந்திரத்துக்கும் வைக்கும் அளவுகோலை அதற்கு வைக்கக் கூடாது. 2015-இல் டோக்கியோவும் பள்ளி வயது வராத குழந்தைகளின் குரலை இரைச்சல் வரம்பிலிருந்து விலக்கியது.

நடுவில் ஒருவர்: அப்போ குழந்தை வைத்திருப்பவர் எதையும் செய்யலாமா? டேப்லெட்டில் சத்தமாகக் கார்ட்டூன் போடுகிறார்களே.

அது குழந்தையின் சத்தம் இல்லை, பெரியவர் போட்ட சத்தம். ஸ்பீக்கருக்குச் சொன்ன பதில்தான்.

கைக்குழந்தையின் அம்மா: சத்தத்தை விட என்னைத் திரும்பிப் பார்க்கிற பார்வைதான் வலிக்கிறது.

அதற்கு என்னிடம் சட்டம் இல்லை, அம்மா. நான் உங்கள் பக்கம்.

ஜன்னல் இருக்கை: எனக்கும் தூக்கம் வேண்டும், அடுத்த நாள் வேலை இருக்கிறது. நான் எதையுமே கேட்கக் கூடாதா?

கேட்கலாம், விமான நிறுவனத்திடம். ஜப்பான் ஏர்லைன்ஸில் இருக்கை தேர்ந்தெடுக்கும் படத்தில் கைக்குழந்தை எந்த இருக்கையில் வருகிறது என்று ஒரு அடையாளம் காட்டுகிறார்கள். நீங்கள் தள்ளி உட்காரலாம், யாரும் யாரையும் தடை செய்யவில்லை.

நடைபாதைவாசி: செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்து மோதுகிறவர்கள்?

அமெரிக்காவின் ஹொனலுலு நகரில் 2017-இலிருந்து திரையைப் பார்த்தபடி சாலையைக் கடந்தால் அபராதம். ஜப்பானின் யமாட்டோ நகரில் 2020-இல் தடை வந்தது, தண்டனை எதுவும் வைக்கவில்லை.

வேறு கீழ்வீட்டுவாசி: மேல்வீட்டில் குழந்தைகள் ஓடுகிறார்கள்...

மற்றொருவர்: மேல்வீட்டில் உடற்பயிற்சி...

இன்னொருவர்: மேல்வீட்டுக்காரர் மீது...

முதல் பதிலைப் படியுங்கள், மூன்று பேரும். உடற்பயிற்சிக்காரருக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாக: எடைக்கல்லைத் தரையில் போடுவது சாதாரண வாழ்க்கைச் சத்தம் என்று வாதாடுவது கடினம், உங்களுக்கு வழக்கு இருக்கலாம். மறுபடியும் சொல்கிறேன், கூரையைத் தட்டாதீர்கள்.

சந்தாதாரர்: சேர ஒரு சொடுக்கு, விலக நாலு பக்கம், ஒரு தொலைபேசி அழைப்பு.

ஜெர்மனியில் 2022 ஜூலை முதல் இணையத்தில் சந்தா விற்கிறவர், விலகுவதற்கும் கண்ணில் படும்படி ஒரு பொத்தான் வைத்தாக வேண்டும். பொத்தான் இல்லையென்றால் வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இதைத்தான் நல்ல சட்டம் என்பேன்: செய்ய வேண்டியது என்னவென்று தெளிவு, செய்தார்களா என்று யாரும் பார்த்துச் சொல்லலாம். உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதினால் இந்தச் சட்டத்தைச் சொல்லி எழுதுங்கள்.

ஜாமர்: பஸ்ஸில் போனில் கத்துகிறவர்களை நிறுத்த, செல்போன் சிக்னலை முடக்கும் ஜாமர் கருவி வாங்கலாமா?

வாங்காதீர்கள். பல நாடுகளில் தனி ஆள் அதைப் பயன்படுத்துவதே குற்றம். அதே பஸ்ஸில் ஒருவர் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாது. பக்கத்தில் போய், மெதுவாகப் பேசச் சொல்லிக் கேளுங்கள்.