ஐஸ் பெட்டியா, இயந்திரமா? தானக் கல்லீரல் கேள்வி பதில்

செல்வி: ஐஸ் பெட்டியில் வைத்தே இத்தனை வருடம் ஓடியதே, இயந்திரம் எதற்கு?

இயந்திரம் என்றால், எடுத்த கல்லீரலுக்குள் பொருத்தும் முன் திரவத்தை ஓடவிடும் கருவி. நல்ல கல்லீரலுக்கு ஐஸ் பெட்டி இன்றும் பெரும்பாலும் போதும். 1980களில் விஸ்கான்சினில் பெல்சரும் சதர்டும் உருவாக்கிய கரைசல் அதைத் தாங்கும். சிக்கல் வருவது கொழுப்பு படிந்தவற்றிலும், இதயம் நின்றபின் எடுப்பவற்றிலும்தான். இதயம் நின்றபின் எடுத்தால் பித்தக்குழாய்களுக்குத்தான் பெரிய ஆபத்து. அறுவை நன்றாக முடியும். சில மாதம் கழித்துக் குழாய் சுருங்கி, நோயாளி மஞ்சள் காமாலையோடு திரும்பி வருவார்.

குமரன்: எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

புழக்கத்தில் உள்ள, உடல் சூட்டில் ஓடும் இயந்திரத்தில் 24 மணி நேரம் வரை. 2021இல் சூரிச்சில் மூன்று நாள் வைத்த ஒன்றைப் பொருத்தினார்கள். ஆனால் மணிக்கணக்கை மட்டும் பார்த்து மயங்காதீர்கள்.

மாலதி: சூடா, குளிரா, எது மேல்?

வேலையே வேறு. சூட்டு முறையில் 37 டிகிரியில் சிவப்பணு கலந்த திரவம் ஓடும். கல்லீரல் பித்தம் சுரக்கும், திரவத்தில் சேரும் லாக்டேட் என்ற அமிலப் பொருளைக் குறைக்கும். அதைப் பார்த்துத் தேறுமா என்று முடிவு செய்யலாம். குளிர் முறையில் சுமார் 10 டிகிரியில் ஆக்ஸிஜன் ஏற்றிய திரவம், பொருத்துவதற்கு முன் இரண்டு மணி நேரம். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்ஸிஜன் இல்லாமல் தேங்கிய சக்சினேட் என்ற பொருள் மெல்ல எரிந்துவிடுவதால், ரத்தம் திரும்பப் பாயும்போது சேதம் குறையும். என் ஓட்டு குளிருக்கு. நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு, ஐஸ் பெட்டியோடு ஒப்பிட்டு, 156 பேரிடம் நடத்திய ஆய்வில் (2021), இதயம் நின்றபின் எடுத்த கல்லீரல்களில் பித்தக்குழாய்ச் சுருக்கம் 18 சதவீதத்திலிருந்து 6 ஆனது.

ரவி: ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வை மறைக்கிறீர்களே!

எங்கே மறைத்தேன்? 2018, 220 அறுவைகள், சூட்டு முறையை ஐஸ் பெட்டியோடு ஒப்பிட்டார்கள். கல்லீரல் சேதத்தைக் காட்டும் நொதி பாதியானது, பொருத்தாமல் கழித்துப்போட்ட கல்லீரல்கள் பாதியாயின. பெரிய சாதனைதான். ஆனால் பித்தக்குழாய்ச் சிக்கலிலும் ஓராண்டுப் பிழைப்பிலும் சொல்லும்படி வித்தியாசமில்லை.

ரவி: குளிரில் சோதித்துப் பார்க்க முடியாதே?

முழுக்க முடியாது என்றில்லை. அடிபட்ட மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து திரவத்தில் கசியும் ஃப்ளாவின் என்ற பொருளை அளக்கிறார்கள். ஆனால் சோதனையில் சூடுதான் முன்னே, ஒப்புக்கொள்கிறேன். பர்மிங்காமில் எல்லோரும் ஒதுக்கிய 31 கல்லீரல்களைச் சோதித்து 22ஐப் பொருத்தினார்கள். 90 நாளில் 22 பேரும் உயிரோடு இருந்தார்கள். அப்புறம்? நான்கு பேருக்குப் பித்தக்குழாய் சுருங்கி மறுபடி மாற்ற வேண்டியதாயிற்று. லாக்டேட் இறங்கிவிட்டது என்று குழாயை மறக்காதீர்கள். குழாயின் நிலையை அறியப் பித்தத்தின் காரத்தன்மையையும் பாருங்கள். குரோனிங்கனில் முதலில் குளிர், பிறகு மெதுவாகச் சூடேற்றி 37 டிகிரி என்று இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். சண்டை போதும்.

பெயர் வேண்டாம்: எனக்கு ஃபேட்டி லிவர். இயந்திரத்தில் கரைக்கலாமா?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. இது உடலுக்கு வெளியே எடுத்த கல்லீரலுக்கு. நீங்கள் கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள்.

தீபா: அப்பாவுக்கு நான் பாதி கொடுக்கிறேன். எங்களுக்கும் இயந்திரம் தேவையா?

பொதுவாகத் தேவைப்படாதும்மா. இரண்டு அறுவையும் பக்கத்துப் பக்கத்து அறையில் நடக்கும், வெளியே இருக்கும் நேரம் குறைவு. உங்கள் மருத்துவரிடம், உங்கள் உடலில் மீதியிருக்கும் பாதியின் அளவைக் கேளுங்கள்.