ரெப்ளிகேஷன் இருந்தால் பக்கப் வேண்டாமா?

கேள்வி: திருகோணமலை, கிண்ணியா, மூதூர் மூன்றிலும் எங்களுக்குப் பாமசி உண்டு. கணக்கெல்லாம் உட்துறைமுக வீதி அலுவலகத்தில் ஒரே சேர்வரில். இரண்டு டேட்டா சென்டரில் ஒரே நேரத்தில் பதிகிற ரெப்ளிகேஷன் எடுத்தால் இனிப் பக்கப் (தனியே எடுத்து வைக்கிற பிரதி) தேவையில்லை என்கிறார் ஒரு முகவர். எடுக்கலாமா?

பதில்: ரெப்ளிகேஷன் எடுங்கள், பக்கப்பை நிறுத்தாதீர்கள். பக்கப் வேண்டாம் என்பவரிடம் இரண்டையுமே வாங்காதீர்கள்.

2004 சுனாமியையும் 2020 டிசம்பர் புரெவிப் புயலையும் பார்த்த ஊர் நம்முடையது. கட்டடம் போனாலும் கணக்கு வேறிடத்தில் இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரி, ரெப்ளிகேஷன் அதற்குத்தான். ஆனால் இங்கே நடப்பதை அது அங்கேயும் அப்படியே செய்யும். கிண்ணியாவில் யாராவது தவறுதலாகக் கையிருப்புப் பட்டியலை அழித்தால் சில வினாடிகளில் அங்கேயும் அழிந்துவிடும். 2023 ஆகஸ்டில் நம் அரசாங்கக் கிளவுட்டை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியபோது ஆன்லைனில் இருந்த பக்கப்பும் சேர்ந்து பூட்டுப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன.

"எங்கள் பிரதி ஆறு மணி நேரம் பிந்தித்தான் மாறும், பிழையைத் தடுத்துவிடலாம்" என்று முகவர் சொல்லலாம். உண்மைதான், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள்கள் இரண்டிலும் அந்த வசதி உண்டு. ஆனால் அந்த ஆறு மணி நேரத்துக்குள் ஒருவர் பிழையைக் கண்டுபிடித்து, பிரதி மாறுவதை நிறுத்த வேண்டும். சனிக்கிழமை மாலை அழிந்ததைத் திங்கள் காலை பார்த்தால் பயனில்லை. யாராவது எந்நேரமும் கவனித்துக்கொண்டிருக்கிற பெரிய நிறுவனத்துக்கு அது உதவும், உங்களுக்கு உதவாது.

அடுத்து, அந்த இரண்டு சென்டரும் எந்தெந்த நகரத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு டேட்டா சென்டர் எரிந்து, பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் சேதமானது. அதே வளாகத்தில் பக்கப் வைத்திருந்தவர்கள் அதையும் இழந்தார்கள். கொழும்பில் ஒன்று, சிங்கப்பூரிலோ மும்பையிலோ மற்றது என்றால் சரி. அவ்வளவு தூரத்தில் "ஒரே நேரத்தில்" என்பது நடைமுறையில் சில வினாடி பிந்தித்தான் நடக்கும். பாமசிக்கு அது போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: கிளவுட் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். முகவர்கள் தங்கள் பெயரில் எடுத்துவிட்டு, கட்டணத் தகராறு வந்ததும் கடவுச்சொல்லைத் தர மறுக்கிறார்கள். அப்போது உங்கள் கணக்கு உங்களுக்கே கிடைக்காது. இதைத் தடுக்க வேண்டிய கொள்முதல் நடைமுறையோ மூன்று விலைமனு வாங்கிக் குறைந்த விலையைப் பிடிப்பதோடு நின்றுவிடுகிறது. கணக்காய்வுப் படிவத்தில் "பக்கப் உண்டா" என்பதற்குச் சரி அடையாளம் போட்டால் வேலை முடிந்தது. பக்கப்பிலிருந்து மீட்டுக் காட்டு என்று ஒருவரும் கேட்பதில்லை!

நீங்கள் கேளுங்கள். வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, கழற்றி, மூதூர்க் கிளையில் பூட்டி வையுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பு, போன வாரத்துப் பில்களைப் பக்கப்பிலிருந்து ஒரு வெறும் கணினியில் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். நாளை பார்க்கலாம் என்றால், காசையும் நாளைக்கே கொடுங்கள்.