குறி சேர்ந்திருந்தது, ஆனால் வண்டி இழுக்கவில்லை

கேள்வி: பழைய சான்ட்ரோவுக்கு வீட்டிலேயே டைமிங் பெல்ட் மாற்றினேன். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இழுவை இல்லை, ஐடிலிங்கில் உதறுகிறது. மாட்டும்போது பல்சக்கரக் குறிகள் சரியாகத்தான் இருந்தன. என்ன தவறு?
– வாசகர், ஓசூர்

பதில்: கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இரண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இனி இன்ஜினை ஓட்டாதீர்கள். இன்னும் சில பல் நழுவினால் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். பிறகு இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிடுங்கள். கிராங்க், கேம் இரண்டின் குறிகளையும் இன்ஜினில் உள்ள குறிகளோடு சேர்த்து வையுங்கள். கிராங்க் குறியை வெளிப் புல்லியில் பார்த்தால் போதாது, உள்ளே இருக்கும் பல்சக்கரத்தில் பாருங்கள். பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனரைத் தளர்த்தி, கிராங்கிலிருந்து தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கம் துளியும் தொய்வின்றி பெல்ட்டைக் கேமில் ஏற்றுங்கள். மிச்சத் தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: தொய்வு எதிர்ப்பக்கம் இருந்தால், டென்ஷனரை விட்டதும் கேம் நகர்ந்து குறி விலகிவிடும்.

பிறகு ஸ்பானரால் கிராங்கை, இன்ஜின் சுழலும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒன்று சுற்றும். குறிகள் மீண்டும் சேர்ந்தால்தான் வேலை சரி. நடுவில் முட்டினால் நிறுத்துங்கள், பலவந்தம் வேண்டாம். டென்ஷனர் போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கே இறுக்குங்கள்.

கேள்வி: பெல்ட் மட்டும் மாற்றினால் போதுமா?
– வாசகர், தேனி

பதில்: போதாது. டென்ஷனரையும் மாற்றுங்கள். கேம், கிராங்க் ஆயில் சீல் கசிந்தால் புதிய பெல்ட்டும் எண்ணெயில் ஊறிக் கெடும்.